திருமண நாளுக்குப் பாரிஸ்: பூச்சோங்கிலிருந்து இருவர் மட்டும்

மாட்டா கண்காட்சியில் ‘பத்து நாளில் எட்டு நாடு’ பேருந்துச் சுற்றுலாவுக்கு முன்பணம் கட்டிவிட்டவர்கள் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போகலாம். அந்தப் பயணத்தில் குறை ஒன்றுமில்லை. ஆனால் விடியற்காலையில் வழிகாட்டி எழுப்ப, நாற்பது பேருடன் பந்தியில் உட்கார்ந்து, இரவு பெட்டியைத் திறக்கத் தெம்பில்லாமல் தூங்கும் பயணத்தைத் திருமண நாள் கொண்டாட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே ஊர், ஒரே ஓட்டல், ஆறு இரவு. காலையில் ஒரு வேலை; மதியத்துக்கு மேல் திட்டம் எதுவும் கூடாது. இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கணக்கில்தான் போகும்.

பிள்ளைகளை யாரிடம் விடுவது என்ற கேள்வி விமானச் சீட்டுக்கு முன்னால் வந்து நிற்கும். பெரியவர்கள் வீட்டில் இருந்தால் பாதிப் பாரம் குறையும். பெரியவர்களே “நாங்களும் வர்றோமே, எப்ப பாக்கப் போறோம் பாரிஸ” என்று கேட்டால்? அவர்களைத் தனியாக ஒருமுறை அழைத்துப் போவதாக வாக்குக் கொடுங்கள், கொடுத்தபடி செய்யுங்கள். இந்த முறை மட்டும் இரண்டே சீட்டு.

முகூர்த்த மாதமும் பாரிஸ் வானமும்

திருமண நாள் எப்போது வரும் என்பதை அன்று பஞ்சாங்கம் பார்த்த ஐயர் முடிவு செய்துவிட்டார். அதை வைத்துத்தான் பாரிஸ் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல முடியும்.

தை மாதத்தில் கல்யாணம் செய்தவர்கள், “அந்தக் குளிரில் யார் போவது” என்று தயங்குகிறார்கள். இவர்களுக்குத்தான் நான் பாரிஸை முதலில் சிபாரிசு செய்வேன். ஜனவரிக் கடைசியில் பகலிலேயே 5, 6 டிகிரிதான். வானம் சாம்பல் நிறம். ஆனால் விமானக் கட்டணமும் ஓட்டல் வாடகையும் இறங்கியிருக்கும், வரிசைகள் குட்டையாகியிருக்கும். ஜனவரியின் முதல் அல்லது இரண்டாம் புதன்கிழமை தொடங்கும் குளிர்காலத் தள்ளுபடி விற்பனை நான்கு வாரம் ஓடும். முக்கியமான லாபம் வேறு. இருட்டிய பிறகு ஈபிள் கோபுரம் மணிக்கு ஒருமுறை 5 நிமிடம் மினுங்கும். ஜனவரிக் கடைசியில் மாலை 6 மணிக்கெல்லாம் இருட்டிவிடுவதால் 7 மணிக்கு அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். ஜூனில் சூரியன் மறையவே இரவு 10 மணி ஆகும். அப்போது பூச்சோங்கில் விடியற்காலை 4 மணி. நேரமாற்றம் உடம்பில் ஒட்டியிருக்கும் முதல் இரண்டு மூன்று இரவுகள் கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரும்பாடு.

வைகாசி, ஆனி தம்பதிகளுக்கு நீண்ட பகலும் பூங்காக்களும் கிடைக்கும். கூட்டமும் விலையும் சேர்ந்தே வரும். ஜூலை வெயிலை மலேசியர் அலட்சியம் செய்ய வேண்டாம். பாரிஸின் பழைய ஓட்டல்கள் பலவற்றில் குளிர்சாதனம் கிடையாது. முன்பதிவு செய்யும்போதே அது இருக்கிறதா என்று தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆவணிக் கல்யாணம் என்றால் ஆகஸ்டு நடுப்பகுதியைத் தவிருங்கள். ஊர்க்காரர்களே விடுமுறைக்குப் போய்விடுவார்கள், நல்ல சிறு கடைகள் பல பூட்டியிருக்கும். ஆகஸ்டுக் கடைசியோ செப்டம்பர் தொடக்கமோ போனால் தமிழர் பகுதியில் பிள்ளையார் தேர் பார்க்கும் பாக்கியம் கிடைக்கலாம்; அதைப் பிறகு சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகைக்காரர்கள் குடை எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் பிற்பாதியில் கிறிஸ்துமஸ் விளக்குகள் ஏறத் தொடங்கும்.

செலவு

கணக்குக்கு 1 யூரோவை 5 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்று விகிதம் அதற்குக் கீழே இருந்தால் மிச்சம் உங்களுக்கு. இருவருக்கும் விமானம், ஆறு இரவு நடுத்தர ஓட்டல், சாப்பாடு, போக்குவரத்து, நுழைவுச் சீட்டு எல்லாம் சேர்த்து 18,000 முதல் 22,000 ரிங்கிட் என்பது என் கணிப்பு. விமானத்துக்கும் ஓட்டலுக்குமே அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்டப் போய்விடும். கைக்கு இது பெரிய தொகைதான். இருபத்தைந்தாம் ஆண்டு என்று மண்டபம் எடுத்து, முந்நூறு பேருக்குப் பந்தி போட்டு, வந்தவர்களை வாசலில் நின்று வரவேற்பதிலேயே இரவு முடிந்து போகும் செலவை ஒருமுறை மனத்துக்குள் ஓட்டிப் பாருங்கள்.

ரொக்கம் அதிகம் வேண்டாம். பாரிஸில் ரொட்டிக்கடையில்கூட அட்டை செல்லும். பிரிக்ஃபீல்ட்ஸிலோ மிட் வேலியிலோ நாணய மாற்றுக் கடையில் இருநூறு, முந்நூறு யூரோ மட்டும் மாற்றி, ஐம்பதுக்குக் கீழான தாள்களாகக் கேட்டு வாங்குங்கள். நூறு யூரோத் தாளை நீட்டினால் கடைக்காரர் முகம் கறுக்கும். இரண்டு அட்டைகள் எடுத்துப் போய் ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டால் ஒருவர் பை தொலைந்தாலும் மற்றவர் கையில் பணம் இருக்கும்.

கடப்பிதழ், எல்லை, பெட்டி

மலேசியக் கடப்பிதழுக்கு ஷெங்கன் விசா தேவையில்லை. எந்த 180 நாளிலும் 90 நாள் வரை இருக்கலாம். நீங்கள் அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகும் கடப்பிதழ் மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும். 2025 அக்டோபரில் ஐரோப்பா புதிய எல்லைப் பதிவு முறையைத் தொடங்கியது. முத்திரை குத்துவதற்குப் பதிலாக விரல்ரேகையும் முகப்படமும் எடுத்துக்கொள்வார்கள். முதல்முறை போகிறவர்களுக்கு இதில் நேரம் பிடிக்கும் என்பதால் இறங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் எதையும் முன்பதிவு செய்யாதீர்கள். இதற்கு அடுத்து ‘எட்டியாஸ்’ என்ற இணைய அனுமதியும் வருகிறது, கட்டணம் 20 யூரோ. கிளம்புமுன் அது நடைமுறைக்கு வந்துவிட்டதா என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் தளத்திலேயே பாருங்கள். அதே பெயரில் கூடுதல் பணம் கறக்கும் தளங்களும் உலவுகின்றன.

பெட்டியில் எதைக் கட்டுவது என்பதில் நம்மவர்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. இறைச்சி, பால் சார்ந்த எதையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. கோழி செருண்டிங், நெய், பால்கோவா எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். கறிவேப்பிலைக் கொத்தும் வேண்டாம். பச்சை இலை, காய், பழங்களுக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள். இதில் வேடிக்கை, சான்றிதழ் தேவைப்படாத ஐந்து பழங்களின் பட்டியலில் அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சையோடு துரியானும் இருக்கிறது. ஐரோப்பா விட்டாலும் விமானத்தில் விடமாட்டார்கள்.

நெத்திலிச் சம்பல் ஒரு போத்தல் கொண்டுபோகலாம், மீனுக்குத் தடையில்லை. எண்ணெய் கசியாமல் இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி, பெரிய பெட்டிக்குள் வையுங்கள். குட்டி ரைஸ்குக்கர்? ஓட்டல் அறைக்குள் சோறு வடித்து, புகை எச்சரிக்கை மணி அடித்து, இரவுடையில் தெருவில் நிற்பதற்காகவா பாரிஸ் போகிறோம்.

நம் மூன்று முனை பிளக் அங்கே நுழையாது. இரண்டு உருண்டை முனை கொண்ட மாற்றி வேண்டும். குளிர் உடைகளுக்குப் புதிதாகச் செலவழிக்க மனமில்லையென்றால் பண்டல் கடைகளில் நல்ல கம்பளிக் கோட்டுகள் மலிவாகக் கிடைக்கும். அக்குள், கழுத்துப் பகுதிகளை முகர்ந்து பார்த்து வாங்கி, ஒருமுறை சலவைக்குப் போட்டுவிடுங்கள். இன்னொரு விஷயம், வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறேன்: பாரிஸ் கழிவறைகளில் நம் ஊர் தண்ணீர்க் குழாய் இருக்காது. மடக்கக்கூடிய சிறு போத்தல் ஒன்று கைப்பையில் இருக்கட்டும்.

போய்ச் சேருதல்

மலேசியா ஏர்லைன்ஸ் 2016-இல் நிறுத்திய பாரிஸ் சேவையை 2025 மார்ச்சில் மீண்டும் தொடங்கியது. இடையில் எங்கும் இறங்காமல் போய்விடலாம். தோகா, துபாய், இஸ்தான்புல் வழியாகப் போனால் சில சமயம் ஆளுக்கு ஆயிரம் ரிங்கிட் வரை மிஞ்சும், அரை நாள் கரையும். ஆறே இரவுப் பயணத்தில் அரை நாளுக்கு என்ன விலை என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பூச்சோங்கிலிருந்து கேஎல்ஐஏ போகப் பலரும் கிராப் பிடிக்கிறார்கள். மாலை வேளை எல்டிபி நெரிசல் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெட்டிகள் சிறிதாக இருந்தால் பூச்சோங்கின் எந்த எல்ஆர்டி நிலையத்திலும் ஏறி, பண்டார் தாசேக் செலத்தானில் கேஎல்ஐஏ டிரான்சிட்டுக்கு மாறலாம். கேஎல் சென்ட்ரல் வரை போய்த் திரும்பும் சுற்று மிச்சம்.

பாரிஸில் சார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து ஆர்இஆர் பி ரயில் நகருக்குள் கொண்டுவிடும். வாடகைக்காருக்கு அரசே கட்டணம் நிர்ணயித்திருக்கிறது: சேன் நதியின் வலக்கரைக்கு 56, இடக்கரைக்கு 65 யூரோ என்பது 2025 நிலவரம். அதிகாரபூர்வ வரிசையில் நின்று ஏறுங்கள். வருகைக் கூடத்துக்குள்ளேயே வந்து “டாக்சி, டாக்சி” என்று கூப்பிடுகிறவர் பின்னால் போகாதீர்கள்.

போக்குவரத்து அட்டையில் சூட்சுமம் இருக்கிறது. ‘நாவிகோ’ வார அட்டை 30 யூரோவுக்குச் சற்று மேல். மெட்ரோ, பேருந்து, விமான நிலைய ரயில் எல்லாம் அதில் அடக்கம். விமான நிலையத்துக்குத் தனிச்சீட்டே ஒரு வழிக்கு 13, 14 யூரோ என்பதால், போய்வருவதிலேயே பணம் ஏறக்குறைய திரும்பிவிடும். ஆனால் அந்த வாரம் திங்கள் முதல் ஞாயிறு வரைதான், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் கிடையாது. ஆகவே திங்கள் காலை இறங்கி ஞாயிறு கிளம்புமாறு விமானச் சீட்டைப் போடுங்கள். அட்டையில் ஒட்ட ஆளுக்கொரு சிறு புகைப்படம் வேண்டும். கிளம்புமுன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே தங்குவது

பாரிஸ் நகரம் இருபது வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, நடுவிலிருந்து நத்தை ஓடுபோலச் சுருண்டு வெளியே போகிறது. திருமண நாளுக்கு என் தேர்வு 5-ஆம் வட்டாரமான லத்தீன் குவார்ட்டர். இரவு சாப்பிட்டுவிட்டு நதிக்கரைக்கு நடந்தே போகலாம். மாரே பகுதி அழகு, விலை ஒரு படி மேலே. மோன்மார்த்ரில் தங்கினால் அபெஸ் நிலையத்தின் பக்கம் பாருங்கள். சாக்ரே கேர் தேவாலயப் படிக்கட்டுகளைத் தினமும் ஏறி இறங்க முழங்கால் ஒத்துழைக்குமா என்பதையும் யோசியுங்கள். இட்லி பக்கத்தில் கிடைக்கிறதே என்பதற்காகத் தமிழர் பகுதியை ஒட்டிய கார் து நோர் ரயில் நிலையத்தைச் சுற்றி அறை எடுக்க வேண்டாம். அங்கே போய்ச் சாப்பிட மெட்ரோ இருக்கிறது.

அறைகள் சின்னவை. பத்து, பன்னிரண்டு சதுர மீட்டர் என்றால் பெட்டியைத் திறக்க ஒருவர் கட்டிலில் ஏற வேண்டியிருக்கும். பதிவு செய்யும்போது ‘கிராந் லீ’ என்று இருக்கிறதா பாருங்கள், இரட்டைக் கட்டில். ‘லீ ஜூமோ’ என்றால் இரண்டு தனிக் கட்டில்கள். திருமண நாள் என்பதை ஓட்டலுக்கு முன்கூட்டி ஒரு மின்னஞ்சலில் சொல்லி வையுங்கள். மேல்மாடி அறையோ ஒரு சிறு மரியாதையோ கிடைத்தால் லாபம், கிடைக்காவிட்டால் நட்டமில்லை.

முதல் விடியல்

மேற்கே பறந்தவர்களுக்கு முதல் நாட்களில் காலை 4 மணிக்கே விழிப்பு வரும். அதைச் சபிக்காமல் பயன்படுத்துங்கள். பாரிஸ் காலியாக இருப்பது அந்த நேரத்தில்தான்.

புடவையில் படம் எடுக்க ஆசைப்படாத தம்பதி குறைவு. ஈபிள் கோபுரத்துக்கு எதிரே ட்ரொக்காதெரோ மேடையில் காலை 9 மணிக்கு மேல் நின்றால் உங்கள் படத்தில் இருபது அந்நியர்கள் இருப்பார்கள். விடியும்போதே போய்விடுங்கள். ஜூனில் விடியல் 6 மணிக்கு முன்பே; செப்டம்பர் தொடக்கத்தில் 7 மணி சொச்சம்; ஜனவரியில் எட்டரை. குளிர்காலமென்றால் பாவாடைக்குள் தெர்மல் காற்சட்டை, ரவிக்கைக்குள் முழுக்கைத் தெர்மல், கொசுவத்தை ஒரு விரல்கட்டை உயர்த்திக் கட்டி அடியில் தட்டையான காலணி. கல் பாவிய தெருவில் ஹீல்ஸ் போட்டு நடந்தால் கணுக்கால் பிசகும். கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டே போய், படத்துக்கு மட்டும் கழற்றி ஐயாவிடம் கொடுக்கலாம். ஐயா வேட்டி கட்டினால் அவருக்கும் உள்ளே தெர்மல் கட்டாயம். வீரம் காட்டினால் மறுநாள் சளி.

படம் முடிந்ததும் பாஸி நிலையத்துக்கு நடந்து 6-ஆம் எண் மெட்ரோவில் ஏறுங்கள். அடுத்த நிலையம் பிர் ஹக்கீம். ரயில் நதிக்கு மேலே வெளிச்சத்தில் ஓடும். இடப்பக்கச் சன்னலில் கோபுரம் முழுசாகத் தெரியும். பயணம் ஒரு நிமிடந்தான், வார அட்டை இருந்தால் செலவே இல்லை. கோபுரத்தின் மேல் ஏறியே தீர வேண்டுமென்றால் மின்தூக்கிச் சீட்டுகள் 60 நாளுக்கு முன் இணையத்தில் திறக்கும். அன்றே உட்கார்ந்து போடுங்கள். இரண்டாம் தளம் வரை படியிலும் ஏறலாம், 674 படி. பத்துமலைப் படிகளைப்போல இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவு. காவடி எடுத்துப் பழகியவர்களுக்கு இது ஒன்றுமில்லை.

மாலைகளை விட்டு வையுங்கள்

மோன்மார்த்ரில் அபெஸ் நிலையத்துக்கு அருகே ஒரு சிறு பூங்காவில் நீல ஓட்டுச் சுவர் இருக்கிறது. 612 எரிமலைக்கல் ஓடுகள், 250 மொழிகளில் ‘உன்னைக் காதலிக்கிறேன்’. 2000-ஆம் ஆண்டில் அமைத்தது. கட்டணம் இல்லை.

கலைப்பாலத்தில் பூட்டு மாட்டிச் சாவியை நதியில் எறிவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 2014-இல் பாரம் தாங்காமல் கைப்பிடியின் ஒரு பகுதி சரிந்தது. 2015-இல் நகராட்சி எல்லாவற்றையும் அறுத்தெடுத்தது. ஏறக்குறைய 45 டன் பூட்டுகள். இப்போது அங்கே கண்ணாடித் தடுப்பு. பூட்டு வாங்கிக்கொண்டு போகாதீர்கள். நதியோரம் விற்கும் ஆட்களிடமும் வாங்காதீர்கள்.

அதைவிடச் சுகமான மாலை ஒன்று சொல்கிறேன். ரொட்டிக்கடையில் ஒரு நீள பகெத் ரொட்டி, பக்கத்துக் கடையில் பாற்கட்டி, பழம். வாங்கிக்கொண்டு போன் நெஃப் பாலத்தருகே படியிறங்கி, நதி நடுவிலுள்ள தீவின் மூக்கு நுனியில் இருக்கும் வெர் காலான் பூங்காவில் உட்காருங்கள். இருபுறமும் நதி. படகில் போகிறவர்கள் கையசைப்பார்கள். கோடையில் இரவு 9 மணி வரை வெளிச்சம் இருக்கும். மழையென்றால் ஒரு மணி நேரப் படகுச் சவாரி. கண்ணாடிக் கூரை உண்டு. நோத்ர் தாம் பேராலயம் 2019 தீ விபத்துக்குப் பின் 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது. நுழைவு இலவசம். இணையத்தில் நேரம் பதிந்தால் வரிசை குறையும், அதற்கும் கட்டணமில்லை. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

ரொதேனும் நடராஜரும்

லூவ்ர் அருங்காட்சியகம் 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியர் அல்லாதவர்களுக்குக் கட்டணத்தை 22-இலிருந்து 32 யூரோவாக உயர்த்திவிட்டது. இருவருக்கு 320 ரிங்கிட். ஓவியத்தில் உண்மையான பிரியம் இருந்தால் கொடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை போனால் இரவு 9 வரை திறந்திருக்கும். மோனலிசா முன்னால் கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்க மட்டுமென்றால் அந்தப் பணத்தை வேறிடத்தில் செலவழிக்கச் சொல்வேன்.

அந்த வேறிடம் சிற்பி ரொதேனின் அருங்காட்சியகம். 13-ஆம் எண் மெட்ரோ, வரேன் நிலையம், திங்கள் விடுமுறை. பெரிய ரோஜாத் தோட்டம். உள்ளே ‘முத்தம்’ என்ற பளிங்குச் சிற்பம். திருமண நாளுக்கு இதைவிடப் பொருத்தமான சிலை பாரிஸில் இல்லை. நம்மவர் பலருக்குத் தெரியாத சங்கதி, இந்த ரொதேன் நடராஜரைப் பார்த்து மயங்கிப்போனவர். நேரில் பார்க்கவில்லை. சென்னை அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலையைப் புகைப்படங்களில் பார்த்து, 1913-வாக்கில் உதடு, தோள், தூக்கிய கால் என்று ஒவ்வோர் அங்கமாக வியந்து எழுதினார். அவர் இறந்து நான்காண்டு கழித்து, 1921-இல் அது அச்சானது.

அந்த வரிசையில் அடுத்த நாள் கிமே அருங்காட்சியகத்துக்குப் போங்கள். இயெனா நிலையத்தில் இறங்கினால் வாசல், செவ்வாய் விடுமுறை. ஆசியக் கலைக்கான இடம். கம்போடியாவின் கெமர் சிற்பங்களைத் தாண்டி இந்தியப் பகுதியில் சோழர் கால நடராஜர் நிற்கிறார், ஆலயத்துத் திரையும் பூமாலையும் இல்லாமல். பக்கவாட்டில் நின்று பாருங்கள். கோயிலில் நேர்முகமாக மட்டுமே பார்த்துப் பழகிய நமக்கு, பின்பக்கத்துச் சடையும் இடுப்பின் வளைவும் இப்படியா என்று தோன்றும். கூட்டம் இருக்காது, ஒரு மணி நேரம் நின்றாலும் நகரச் சொல்ல மாட்டார்கள்.

சாப்பாடு

கடைக்குள் நுழைந்ததும் முதல் சொல் ‘பொன்ஷூர்’. இதைச் சொல்லாமல் “ஹவ் மச்” என்று தொடங்கினால் மரியாதை கெட்டவர் என்று முடிவு கட்டிவிடுவார்கள், பிறகு சேவையும் அப்படித்தான் இருக்கும். மதியச் சாப்பாடு 12 முதல் 2 வரை. இரவு ஏழரைக்கு மேல். நடுவில் பல சமையலறைகள் மூடியிருக்கும். நம் மாமாக் கடை மாதிரி நள்ளிரவில் ரொட்டி சானாய் எதிர்பார்க்க முடியாது. மதியத் ‘ஃபோர்மூல்’ என்பது இரண்டு மூன்று வகை சேர்ந்த தொகுப்பு, இரவில் தருவதைவிட மலிவு. திருமண நாளின் நல்ல விருந்தை மதியத்துக்கு வைத்தால் அதே சமையலறை, குறைந்த விலை.

தண்ணீருக்குப் பணம் கொடுக்க வேண்டாம். “ஊன் கராஃப் தோ” என்றால் குழாய்த் தண்ணீர்க் குவளை வரும், அதற்குக் கட்டணம் கிடையாது. சேவைக் கட்டணம் விலையிலேயே அடக்கம். பில் அவர்களாகக் கொண்டுவர மாட்டார்கள், கேட்டால்தான் வரும். விரட்டவில்லை என்று எடுத்துக்கொண்டு ஆற அமரப் பேசுங்கள்.

மாட்டிறைச்சி தொடாதவர்கள் இரண்டு சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டும்: ‘பெஃப்’ மாடு, ‘வோ’ கன்று. ‘தார்த்தார்’ என்று வருவதும் ‘ஸ்தேக் ஆஷே’ என்று வருவதும் பெரும்பாலும் மாடுதான். ‘ஜாம்போன்’ பன்றி. சைவர்களுக்கு மாரேயின் ரோஸியே தெருவில் ஃபலாஃபல் கடைகள் கைகொடுக்கும். யூதர் கடைகள் என்பதால் வெள்ளி மாலையும் சனியும் பெரும்பாலும் மூடியிருக்கும்.

லா ஷப்பேல்

மூன்றாம் நாள் சோற்று ஏக்கம் வரும். 2-ஆம் எண் மெட்ரோவில் லா ஷப்பேல் நிலையத்தில் இறங்குங்கள். தலைக்கு மேலே ரயில் பாலம், கீழே ஃபோபூர் சேன் தெனி தெரு, அதைக் கிளைத்துப் போகும் காய் தெரு. முருங்கைக்காய்க் கட்டு, நகைக்கடைச் சன்னலில் தாலிக்கொடி, புடவைக்கடைப் பொம்மை, கொத்து ரொட்டித் தட்டுச் சத்தம். இந்தத் தமிழர் பகுதியில் இருப்பவர்களில் பெரும்பாலானவர்கள் 1983-க்குப் பிறகு போரைத் தப்பி வந்த ஈழத்தமிழரும் அவர்கள் பிள்ளைகளும். 2015-இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற ‘தீபன்’ படத்தின் நாயகனாக நடித்த எழுத்தாளர் ஷோபாசக்தியும் அப்படி வந்தவர்தான்.

நம் தமிழைக் கேட்டதும் கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார்.

“எங்கையிருந்து வாறியள்?”

“மலேசியா, அண்ணே. பூச்சோங்.”

“மலேசியாவோ! அங்கை எங்கட சொந்தக்காரர் இருக்கினம், கிள்ளானிலை.”

பிறகு பேச்சு நீளும். இடியாப்பம், சொதி, நண்டுக் கறி இருக்கிறதா என்று கேளுங்கள்; தோசைக்குச் சரவண பவன் கிளை அதே தெருவில் இருக்கிறது. தோசை பிரிக்ஃபீல்ட்ஸில் தினமும் கிடைக்கும், யாழ்ப்பாணத்துக் கைப்பக்குவம் அப்படிக் கிடைக்காது. ஆகவே என் ஓட்டு நண்டுக்கு.

அங்கிருந்து ஐந்து, பத்து நிமிட நடையில் பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் ஆலயம். 1985-இல் தொடங்கியது. திருமண நாளன்று இருவர் பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்துகொள்ளலாம். வீட்டுக்குக் கூப்பிட்டு நட்சத்திரம் கேட்க நினைத்தால் ஆறு, ஏழு மணி நேர வித்தியாசத்தை நினைவில் வையுங்கள். ஆண்டுதோறும் ஆகஸ்டுக் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை தேர் வீதியுலா வரும். தெருவில் தேங்காய் மலைபோலக் குவிந்து உடைபடும், பிரெஞ்சுக்காரர்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பார்ப்பார்கள். தேதியை ஆலய அறிவிப்பில் பார்த்துச் சீட்டுப் போட்டால் ஆவணித் தம்பதிக்கு இரட்டை விருந்து.

தாலியும் கைப்பையும்

பாரிஸில் அடிதடி அபூர்வம், ஜேப்படி அன்றாடம். முதலாம் எண் மெட்ரோ, ஆர்இஆர் பி, சாக்ரே கேர் படிக்கட்டு, ஈபிள் அடிவாரம் நான்கும் ஜேப்படிக்காரர்களின் களம். தடித்த தாலிக்கொடியை வீட்டிலேயே வைத்துவிட்டு மெல்லிய சங்கிலியில் தாலியைக் கோத்துச் சட்டைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். மாமியாரிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பிறகு படத்தில் பார்த்து, “கழுத்து ஏன் வெறுமையா இருக்கு” என்ற கேள்வி வராது. மணிக்கட்டில் நூல் கட்ட வருபவர், கையெழுத்து கேட்டு அட்டையை நீட்டும் பெண்கள், “இந்த மோதிரம் உங்களுடையதா” என்று தரையிலிருந்து எடுப்பவர் எல்லாருக்கும் ஒரே பதில், நிற்காமல் நடப்பது. கைப்பேசியை ரயில் கதவருகே கையில் வைத்திருக்காதீர்கள், கதவு மூடும் நொடியில் பறிப்பார்கள். கடப்பிதழ் தொலைந்தால் மலேசியத் தூதரகம் 16-ஆம் வட்டாரத்தில் இருக்கிறது. அவசர எண் 112.

திரும்பும் நாள்

ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கியிருந்தால் வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். வாங்கும்போதே கடப்பிதழைக் காட்டி ‘தேதாக்ஸ்’ படிவம் கேளுங்கள், கேட்காவிட்டால் தரமாட்டார்கள். இருவர் வாங்கியதைத் தனித்தனி ரசீதாகப் போடாமல் ஒருவர் பெயரிலேயே போட்டால் தொகை சீக்கிரம் எட்டும். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் முன் ‘பாப்லோ’ இயந்திரத்தில் படிவத்தின் பட்டைக்குறியைக் காட்ட வேண்டும். திரையில் பச்சை வந்தால் முடிந்தது. சிவப்பு வந்தால் பக்கத்துச் சுங்கச் சாவடியில் பொருளையே காட்டச் சொல்வார்கள். அதனால் வாங்கியவற்றைப் பெட்டியின் அடியில் திணிக்காதீர்கள். இந்த வரிசைக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். பணம் அட்டைக்கு வரச் சில வாரம் ஆகலாம், அதுவரை படிவத்தின் படத்தைக் கைப்பேசியில் அழிக்காமல் வைத்திருங்கள்.